அத்தியாயம் 6: தினமும் ஒரே மரத்தடி

"ஒரு வாரம் கொடைக்கானல் போயிட்டு வா, எல்லாம் சரியாயிடும்." மனச்சோர்வில் இருப்பவருக்கு இந்த யோசனையைச் சொல்ல வீட்டுக்கு ஒருவராவது இருப்பார். போய் வந்தவர்களைக் கேளுங்கள். மலையில் இருந்த வரைக்கும் தேவலைபோல இருந்திருக்கும்; பஸ் வத்தலக்குண்டில் இறங்கியதும் பழைய பாரம் வந்து உட்கார்ந்திருக்கும். சுற்றுலாவுக்குச் செலவழிக்கிற காசையும் தெம்பையும் மிச்சம் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த அத்தியாயத்தில் நாம் செய்யப்போவது மிகச் சின்ன வேலை: வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒரு மரத்தடியையோ குளக்கரையையோ பிடித்துக்கொண்டு, அங்கேயே திரும்பத் திரும்பப் போவது.

மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை, இழப்புத் துயரம் ஆகியவற்றில் இருப்பவர்களுக்கும், சிகிச்சையில் ஓரளவு தேறி வருபவர்களுக்கும் இது பொருந்தும். மாத்திரையும் ஆலோசனையும் அதன் போக்கில் நடக்க வேண்டும். மரத்தடி அதற்குத் துணை.

முதலில் இதைப் படியுங்கள்

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் தனியாகப் போகாதீர்கள்.

1. சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறது என்றால், வீட்டில் ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள். 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை அது, கட்டணம் இல்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம். இலங்கையில் இருப்பவர்களுக்கு 1926. அந்த எண்ணம் தணிகிற வரை ஆறு, கிணறு, பாலம், மொட்டை மாடி, ஆளில்லாத இடம் எதுவும் வேண்டாம். துணையோடு போனாலும் நாலு பேர் நடமாடுகிற பூங்காவாக இருக்கட்டும்.
2. காதில் குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்வதாகத் தோன்றுகிறது என்றால் துணை கட்டாயம்.
3. இரவில் இரண்டு மூன்று மணி நேரம்தான் தூங்குகிறீர்கள், ஆனாலும் களைப்பில்லை, மனசு பறக்கிறது என்றால் இந்த அத்தியாயத்தை மூடிவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அந்த நிலையில் தனியாக மலையேறக் கிளம்பியவர்களைத் தேடி அலைந்த குடும்பங்கள் உண்டு.

தத்துவம் இவ்வளவு போதும்

இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் கேட்டுத் தொகுத்து 2019-ல் வெளியான ஆய்வு ஒன்று, வாரத்துக்கு 120 நிமிடமாவது பூங்கா, காடு, கடற்கரை மாதிரி இடங்களில் கழித்தவர்கள் தங்கள் உடலும் மனமும் நன்றாக இருப்பதாகச் சொல்வது கூடுதல் என்று கண்டது. அதை ஒரே மூச்சில் கழித்தாலும், பிரித்துப் பிரித்துக் கழித்தாலும் வித்தியாசம் தெரியவில்லை. நன்றாக இருப்பவர்கள்தான் வெளியே அதிகம் போகிறார்களோ என்ற கேள்வி இதில் மிச்சம் இருக்கிறது. ஆகவே 120-ஐ மந்திர எண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நமக்கு அதிலிருந்து வேண்டியது ஒன்றே ஒன்று: பிரித்துக்கொள்ளலாம். தினமும் இருபது நிமிடம் போனால் வாரக் கணக்கு தானாக நிறைந்துவிடும்.

இடம் பிடிப்பது

பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். அழகான இடம் தேடி அலைந்து, கிடைக்காமல் விட்டுவிடுவார்கள். அழகு கடைசியில் பார்க்க வேண்டியது. இந்த வரிசையில் பாருங்கள்:

1. நடந்து பத்து நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். பஸ் ஏற வேண்டிய இடம் என்றால் மனசு சரியில்லாத நாளில் போகவே மாட்டீர்கள். அந்த நாளுக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும்.
2. உட்கார இடம் வேண்டும். சிமென்ட் பெஞ்சு, படிக்கட்டு, மரத்தைச் சுற்றிக் கட்டிய மேடை, எதுவானாலும் சரி.
3. ஆள் நடமாட்டம் இருக்க வேண்டும். ஆனால் உங்களிடம் வந்து பேசுகிற ஆட்களாக இருக்கக் கூடாது.
4. ஒரு மரமாவது, அல்லது கொஞ்சம் தண்ணீராவது கண்ணில் பட வேண்டும்.

கோயில் தெப்பக்குளத்துப் படிக்கட்டு இந்த நான்குக்கும் அநேகமாகப் பொருந்தும். அரசுக் கல்லூரி மைதானத்து வேலியோர வேம்பு, மாநகராட்சிப் பூங்காவின் மூலைப் பெஞ்சு, கண்மாய்க் கரை, நூலக வளாகத்துப் புங்கை எல்லாம் தோதானவை.

பெண்களுக்கு ஒரு வார்த்தை தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் ஒரு பெண் மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்தால் "யாருக்காகக் காத்திருக்கு இந்தப் பொண்ணு?" என்று பார்க்கிற கண்கள் இல்லாமல் இல்லை. குற்றம் அந்தக் கண்களுடையது, தொந்தரவு உங்களுக்கு. அதனால் நடைப்பயிற்சிக்காரர்கள் வருகிற நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். கோயில் நந்தவனம், பிராகாரத்து வில்வமரத்தடி போன்ற இடங்களில் உட்கார்ந்திருப்பதை யாரும் கேட்கமாட்டார்கள். மடியில் ஒரு புத்தகத்தை விரித்து வைத்துக்கொள்வதும் உதவும், படிக்காவிட்டாலும்.

தவிர்க்க வேண்டிய இடங்கள்:

- தென்னை மரத்தடி. தேங்காயும் மட்டையும் சொல்லிவிட்டு விழுவதில்லை.
- முருங்கை மரத்தடி, கம்பளிப்பூச்சிக் காலத்தில். மாமரத்தில் இலைகளைச் சேர்த்துத் தைத்த கூடு தெரிந்தால் அது முசுறு எறும்பு, தள்ளி உட்காருங்கள்.
- கிளையிலோ பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியிலோ பெரிய தேனடை தொங்குகிற இடம்.
- காப்புக்காடு. அனுமதியில்லாமல் நுழைவது குற்றம், ஆபத்தும்கூட. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் பலர் இறந்ததை மறந்துவிட வேண்டாம்.

எல்லோருக்கும் எல்லா இடமும் ஆறுதல் தராது. 2004 டிசம்பர் 26-ல் நாகப்பட்டினத்தில் சுனாமியில் உறவைப் பறிகொடுத்தவரைக் கடற்கரையில் உட்காரச் சொல்வது கொடுமை. இலங்கையில் போர் நடந்த வன்னியில் காட்டோரம் என்றால் பலருக்கு வேறு நினைவுகள் வரும். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பக்கம் போகவே கூடாது. நாள் முழுக்க வயலில் நிற்கிற விவசாயிக்கு "இயற்கையோடு இருங்கள்" என்று சொன்னால் சிரிப்பார். அவருக்கு வரப்பைப் பார்த்தால் கடன்தான் கண்ணில் தெரியும். அவர் உட்கார வேண்டியது தன் வயலில் அல்ல, ஊர்ப் பொது ஆலமரத்தடியில். பிழைப்போடும் துயரத்தோடும் முடிச்சுப் போடாத இடமாகப் பாருங்கள்.

நேரம்

காலை ஆறிலிருந்து ஏழரை, மாலை நாலரையிலிருந்து ஆறு. இரவு மாத்திரையால் காலையில் தலை கிறங்குகிறவர்கள் மாலையை எடுத்துக்கொள்ளுங்கள். கிறக்கத்தோடு பைக் ஓட்டாதீர்கள். அக்னி நட்சத்திர நாட்களில் காலை மட்டும்.

நேரத்தை மனசிடம் கேட்டு முடிவு செய்யாதீர்கள். "கொஞ்சம் உற்சாகம் வரட்டும், போகலாம்" என்று காத்திருந்தால் மனச்சோர்வு உற்சாகத்தை வரவிடாது. கால் முதலில் போகட்டும், மனசு பின்னால் வந்து சேரும். மனநல ஆலோசகர்கள் தினசரி அட்டவணை போடச் சொல்வதும் இதனால்தான்.

முதல் நாள்: படிப்படியாக

முதல் நாள் இருபது நிமிடம்கூட வேண்டாம், பத்து போதும்.

1. முந்தின ராத்திரியே செருப்பை வாசலில் எடுத்து வையுங்கள். ஷூ என்றால் இன்னும் நல்லது. ஒரு பாட்டில் தண்ணீர், சின்ன நோட்டு, பேனா ஆகியவற்றைப் பையில் போட்டுவிடுங்கள். காலையில் யோசிக்க வேண்டிய வேலை எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது.
2. வீட்டில் ஒருவரிடம் எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.
3. போனை சைலன்டில் போட்டுப் பையின் அடியில் வையுங்கள். கையில் இருந்தால் பார்ப்பீர்கள்.
4. இடத்துக்குப் போனதும் உடனே உட்காராதீர்கள். ஒரு நிமிடம் நின்று சுற்றிப் பாருங்கள். எறும்பு வரிசை, நாய், காய்ந்த கிளை, கல்லிடுக்கு எல்லாவற்றையும் கவனியுங்கள். கல்லிலோ மேடையிலோ உட்காரும் முன் அடியில் ஒரு பார்வை.
5. உட்கார்ந்து, முதுகைச் சாய்த்துக்கொள்ளுங்கள். கண்ணை மூட வேண்டியதில்லை. இது தியானம் இல்லை. கண்ணை மூடினால் பதற்றக்காரர்களுக்கு எண்ணங்கள்தான் பெருகும்.
6. ஒரு கிளையைத் தேர்ந்தெடுங்கள். இனி அது உங்கள் கிளை. அதை மட்டும் பாருங்கள்: எத்தனை நிறம் இருக்கிறது, எந்த இலை ஓட்டையானது, எது துளிர், எது பழுப்பு.
7. பிறகு காது. கிட்டத்தில் கேட்கும் சத்தம் ஒன்று, எட்டத்தில் கேட்கும் சத்தம் ஒன்று. பஸ் ஹாரனும் சத்தம்தான், அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.
8. நடுவில் கவலை வரும், கட்டாயம் வரும். விரட்ட வேண்டாம். "கடன் நினைப்பு", "ஆபீஸ் நினைப்பு" என்று மனசுக்குள் ஒரு பேர் வைத்துவிட்டுக் கிளைக்குத் திரும்புங்கள். பத்து நிமிடத்தில் ஐம்பது தடவை திரும்பினாலும் பரவாயில்லை. பயிற்சியே அந்தத் திரும்புதல்தான்.
9. மெதுவாக எழுந்திருங்கள். சில மாத்திரைகள் சட்டென்று எழும்போது தலைசுற்ற வைக்கும்.
10. நோட்டில் ஒரே வரி: தேதி, இன்று பார்த்த ஒரு பொருள், வந்தபோதும் கிளம்பும்போதும் மனசு இருந்த நிலைக்குப் பத்துக்கு எத்தனை மார்க்.

மார்க் ஏறவில்லையே என்று முதல் வாரத்தில் கவலைப்படாதீர்கள். சிலருக்கு முதல் சில நாள் அழுகைகூட வரும். வந்தால் அழுதுவிட்டு வாருங்கள். அழுகை ஒவ்வொரு நாளும் கூடிக்கொண்டே போனால் மட்டும் ஆலோசகரிடம் சொல்லுங்கள்.

இரண்டாம் வாரம் முதல்: பார்க்க என்ன இருக்கிறது?

"அதே மரம், அதே கிளை. போரடிக்காதா?" என்று கேட்பீர்கள். ஒரு பூவரசைப் பாருங்கள். காலையில் விரிந்த பூ எலுமிச்சை மஞ்சள். உள்ளே, அடியில் கருஞ்சிவப்புத் திட்டு. சாயங்காலத்துக்குள் அதே பூவில் சிவப்பேறிவிடும். காலையில் ஒரு பூவைக் குறித்துவைத்து மாலையில் போய்ப் பார்த்தால் நிறம் மாறியிருப்பது தெரியும். தூங்குமூஞ்சி மரத்தடி கிடைத்தவர்கள் மாலை வெளிச்சம் குறையும்போது இலைகள் மடிவதைப் பாருங்கள். எந்தக் கிளை முதலில் மடிகிறது என்று கவனிக்கவே இருபது நிமிடம் போய்விடும். புங்கை பழைய இலையை உதிர்த்துவிட்டுப் பளபளவென்று துளிர்க்கும். கொஞ்ச நாளில் அந்தப் பளபளப்பின்மேல் யாரோ வெள்ளைப் பேனாவால் கிறுக்கிய மாதிரி கோடுகள் தோன்றும். இலைக்குள்ளேயே சுரங்கம் தோண்டித் தின்கிற புழுவின் வழித்தடம் அது.

பறவைகளுக்கு பைனாகுலர் தேவையில்லை. மைனா, தவிட்டுக்குருவி, செம்போத்து, இரட்டைவால் குருவி, மீன்கொத்தி ஆகிய ஐந்தை அடையாளம் தெரிந்துகொண்டால் ஒரு மாதத்துக்குப் போதும். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து கூச்சலிட்டுக்கொண்டே சருகைப் புரட்டும். அந்தக் குடும்பச் சண்டையைப் பார்த்துக்கொண்டிருக்கையில் உங்கள் வீட்டுச் சண்டை சற்று மறந்துபோகும்.

குறிப்பு: வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குப் போட்டோ எடுக்காதீர்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்க்கிற வேலை தொடங்கிவிடும். வரைய வந்தால் நோட்டில் வரையுங்கள், கோணல்மாணலாக இருக்கட்டும்.

வெயிலும் மாத்திரையும்

நாட்டு மருந்து பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள்கூட இதை எழுதுவதில்லை. மனநல மாத்திரைகள் சில, வெயிலோடு ஒத்துப்போகாதவை.

- லித்தியம் சாப்பிடுகிறவர்கள் உடலில் நீர் வற்றவிடக் கூடாது. வியர்த்துக் கொட்டினால் ரத்தத்தில் லித்தியத்தின் அளவு கூடி நஞ்சாகலாம். உப்பைத் திடீரென்று குறைப்பதும் அதே ஆபத்து. கை வழக்கத்தைவிட நடுங்குவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, நடை தள்ளாடுவது, நாக்குக் குழறுவது தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.
- குளோர்ப்ரோமசின் சாப்பிடுகிறவர்களுக்குத் தோல் சீக்கிரம் வெந்துபோகும். முழுக்கைச் சட்டை, குடை, நிழல்.
- ட்ரைஹெக்ஸிஃபெனிடில், அமிட்ரிப்டிலின் போன்றவை வியர்வையைக் குறைக்கும். உடம்பு சூட்டை வெளியேற்ற முடியாமல் திணறும். வெயில் ஏறும் முன் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

உங்கள் மாத்திரை இதில் உண்டா என்று தெரியவில்லையானால் அட்டையை எடுத்துப்போய் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேளுங்கள். வெயிலுக்குப் பயந்து மாத்திரையை விடாதீர்கள், நேரத்தை மாற்றுங்கள்.

மற்ற ஆபத்துகள், சுருக்கமாக

பாம்பு கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கை, காலை அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நாய் கடித்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசி. இடி கேட்டதும் மரத்தடியை விட்டுக் கட்டடத்துக்குள் போங்கள். கடற்கரை என்றால் காய்ந்த மணலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; நம் கரையில் இழுவை நீரோட்டம் நீச்சல் தெரிந்தவர்களையும் விடுவதில்லை.

வெளியே போக முடியாதவர்களுக்கு

படுக்கையில் இருப்பவர், கைக்குழந்தைக்காரி, வாசலைத் தாண்டினாலே படபடப்பவர். இவர்களுக்கு ஜன்னல் போதும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை ரோஜர் உல்ரிக் என்பவர் ஒப்பிட்டுப் பார்த்து 1984-ல் எழுதினார். ஜன்னலில் மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள்; வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. ஆகவே கட்டிலைத் திருப்பிப் போடுங்கள். மரம் தெரியாத ஜன்னல் என்றால் தொட்டி வையுங்கள்.

தொட்டிக்கு எந்தச் செடி என்பது முக்கியம். ரோஜா வேண்டாம். அது பூச்சி பிடித்துச் செத்துப்போய், "நான் தொட்டதெல்லாம் இப்படித்தான்" என்ற எண்ணத்துக்குச் சாட்சி சொல்லிவிடும். வெந்தயத்தில் தொடங்குங்கள். ஊறவைத்துத் தூவினால் மூன்று நான்கு நாளில் முளைத்து நிற்கும். அடுத்து பத்துமணிப் பூ: ஒரு துண்டுத் தண்டை நட்டால் பிடித்துக்கொள்ளும், வெயில் ஏறும்போது விரியும். காலையில் போர்வையை விட்டு எழ முடியாதவர்களுக்கு அது ஒரு காரணம். கொல்லை இருந்தால் பவளமல்லி வையுங்கள். விடியலில் உதிர்ந்த பூவைப் பொறுக்குவது குனிந்து நிமிர்கிற வேலையும்கூட.

வாசல் தாண்டவே பயம் என்றால்: முதல் இரண்டு நாள் திண்ணை, அடுத்து வாசற்படி, அடுத்து தெருமுனை மரம் வரை. ஒவ்வொன்றிலும் படபடப்பு தணிகிற வரை இருந்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். படபடப்பு உச்சத்தில் இருக்கும்போது ஓடிவந்துவிட்டால் பயம் இன்னும் கெட்டிப்படும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

"எந்திரிச்சு நாலு எட்டு நடந்தா சரியாப் போயிடும், சும்மா படுத்துக் கெடக்கியே" என்று சொல்லாதீர்கள். "நான் குளத்தடிக்குப் போறேன், கூட வர்றியாம்மா? ஒண்ணும் பேச வேணாம்" என்று கேளுங்கள். வரவில்லை என்றால் நீங்கள் மட்டும் போய்விட்டு வாருங்கள். மறுநாளும் அதே நேரத்தில் அதே மாதிரி கேளுங்கள். கூட வந்தால் வேலை, கல்யாணம், மாத்திரை எதையும் மரத்தடியில் எடுக்காதீர்கள். அந்தப் பேச்சுக்கு வீடு இருக்கிறது. "புளியமரத்தடியில உட்கார்ந்தா முனி அடிச்சிடும்" என்று பாட்டி தடுத்தால் வாதாட வேண்டாம், வேம்பைப் பாருங்கள்.

விட்டுப்போனால்

மழைக்காலத்தில் அறுபட்டுப் போகும். ஐப்பசி, கார்த்திகையில் தாழ்வாரத்திலிருந்து மழையைப் பாருங்கள். அதுவும் கணக்கில் சேர்த்தி. ஒரு வாரம் விட்டுப்போனால் திரும்பவும் பத்து நிமிடத்தில் தொடங்குங்கள், விட்ட நாளுக்கு ஈடாக ஒரு மணி நேரம் உட்கார வேண்டாம். மரமே போய்விடுவதும் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் தோப்பு தோப்பாகச் சாய்த்துப் போட்டது. சாலை விரிவாக்கத்திலும் போகிறது. அப்படி நடந்தால் அந்த வருத்தத்தை நோட்டில் எழுதிவிட்டு, பக்கத்தில் மிஞ்சியிருக்கிற மரத்துக்கு மறுநாளே மாறுங்கள். அதே போல இன்னொன்று தேடினால் கிடைக்காது.

மருத்துவரிடம் என்ன சொல்வது

அடுத்த முறை போகும்போது நோட்டை எடுத்துப்போங்கள். "பரவாயில்லை டாக்டர்" என்று மொட்டையாகச் சொல்வதைவிட, வந்தபோது எத்தனை, கிளம்பும்போது எத்தனை என்று ஒரு மாத மார்க்கைக் காட்டினால் அவருக்கு உபயோகம். எந்த நாட்களில் போகவே முடியவில்லை என்பதையும் காட்டுங்கள். மாத்திரை அளவை மாற்றினார்களே, அதற்கு அடுத்த நாட்களா அவை என்று அவர் பார்ப்பார். மார்க் தொடர்ந்து ஏறியிருந்தால் மாத்திரையைக் குறைக்கலாமா என்று நீங்களே கேட்கலாம். அவர் சரி என்று சொன்னபின், அவர் சொன்ன அளவில், அவர் சொன்ன வேகத்தில் குறையுங்கள்.